ஒர்வியேட்டோ: கிணறு, பாறை, டுவோமோ – விவாத இழை

ரயில்பயணி:

இத்தாலிப் பயணக் குழுக்களில் ஒர்வியேட்டோ என்றால் டுவோமோ (பேராலயம்) முகப்பு ஒரு படம், வெள்ளை ஒயின் ஒரு படம், அதோடு சரி. ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவில் ரயிலை நிறுத்தி, மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த ஊரைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் சான் பத்ரீசியோ கிணறு. முற்றுகைக்குப் பயந்து போப் வெட்டிய கிணறு என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்தே கிணறு வெட்டிய ஊர் அது. 13ஆம் நூற்றாண்டில் அல்ஃபீனா மேட்டிலிருந்து வாய்க்கால் போட்டுத் தண்ணீரும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு மேலும் பத்து வருடம் செலவழித்து இவ்வளவு பெரிய கிணறு எதற்கு? படிப்பாதை இரண்டு எதற்கு?

பாறைப்பித்தன்:

வாய்க்கால் வெளியிலிருந்து வருவது. முற்றுகையிடுபவன் முதல் நாளே அதைத்தான் உடைப்பான். மீதி இருப்பது மழைநீர்த் தொட்டிகளும் சின்னக் கிணறுகளும். ஊர் மக்களுக்கு அது போதும். ஒரு போப்பின் படைக்கும் குதிரைகளுக்கும் போதாது.

1527 மே மாதம் ரோம் சூறையாடப்பட்டது. போப் ஏழாம் கிளெமென்ட் சான்ட் ஆஞ்செலோ கோட்டையில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்துவிட்டு டிசம்பரில் ஒர்வியேட்டோவுக்கு ஓடிவந்தார். அடைபட்டுக் கிடப்பது என்றால் என்ன என்று பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். கிணற்று வேலையைக் கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ ட சங்கல்லோவிடம் கொடுத்தார். கிளெமென்ட் 1534-இல் இறந்துவிட்டார். கிணறு முடிந்தது 1537-இல், மூன்றாம் பவுல் போப்பாக இருந்தபோது.

இடத்தேர்வுதான் இதில் முக்கியம். மலையின் கிழக்கு முனையில், கோட்டைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் கசியும் சான் சேனோ ஊற்றுகளின் நீரைப் பிடிக்கும்படி இறக்கியிருக்கிறார். ஆழம் ஏறக்குறைய 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். மேல்பகுதி துஃபோ, அதாவது இறுகிப்போன எரிமலைச் சாம்பல் பாறை. அதை வெட்டினால் தானாகவே நிற்கும். கீழே களிமண் வந்ததும் அது நிற்காது. அங்கே செங்கல் கட்டு. இறங்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே போனால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

படிப்பாதை இரண்டு ஏன் என்றால், கோவேறு கழுதைகளுக்காக. நடுவில் வெற்றுக் குழல்; அதைச் சுற்றி இரண்டு சுருள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. வாசலும் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரே. காலிப் பீப்பாயோடு ஒரு வாசலில் இறங்கும் விலங்கு அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, நீரோடு இன்னொரு சுருளில் ஏறி மறு வாசலில் வெளியே வரும். வழியில் எங்கேயும் இரண்டு வரிசையும் சந்திக்காது. சுமையேறிய விலங்கு குறுகலான சுருளில் எதிரே ஒன்று வந்தால் நின்றுவிடும், திரும்பவும் முடியாது; வரிசை மொத்தமும் முடங்கும். அந்தச் சிக்கலைத்தான் இரட்டைச் சுருள் தீர்க்கிறது. ஒவ்வொரு சுருளிலும் 248 படிகள். கழுதையின் காலுக்கு ஏற்றபடி அகலமாக, விளிம்பு தாழ்வாக இருக்கும். நடுக்குழலைப் பார்த்து 70 ஜன்னல்கள். மேலே திறந்த வாய் வழியாக வரும் வெளிச்சம்தான் அவற்றின் வழியே படிக்குக் கிடைக்கிறது.

எட்ருஸ்கன்:

பாறைப்பித்தன் சார், "சின்னக் கிணறுகள்" என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அவற்றை வெட்டிய விதத்தைப் பார்த்தால் சங்கல்லோவுக்குக் குறையாத மரியாதை வரும். நீள்சதுரக் குழி, ஏறக்குறைய 80க்கு 120 சென்டிமீட்டர். எதிரெதிர்ச் சுவர்களில் கால் வைக்கக் குழிகள், ஏணி இல்லாமலே ஏறி இறங்குவதற்கு. ஒரே ஆள் உள்ளே நின்று வெட்டியபடியே இறங்க இந்த அகலம்தான் சரி. இதைவிட அகன்றால் இரண்டு பக்கமும் கால் எட்டாது. நிலத்தடிச் சுற்றுலாவில் இவற்றை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். கிணற்று வாய்க்கு மேல் தடுப்புக் கம்பி இருக்கும், விளக்கு போட்டிருப்பார்கள்.

கவா என்ற இன்னொரு கிணற்றில் இரண்டு காலமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரிய வட்டக் கிணற்றின் ஓரத்தில் பழைய எட்ருஸ்கர் நீள்சதுரக் குழி அப்படியே இருக்கிறது. ஆழம் சுமார் 36 மீட்டர். சான் பத்ரீசியோவுக்கு வரும் கூட்டம் இங்கே வராது.

தேன்மொழி:

நிலத்தடி என்றதும் ஒரு சந்தேகம். மலைக்குள் 1,200 குகை இருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லாமே எட்ருஸ்கர் வெட்டியதா?

எட்ருஸ்கன்:

இல்லைங்க. பெரும்பாலானவை இடைக்காலமும் அதற்குப் பிறகும். வீட்டுக்குக் கீழே ஒயின் நிலவறை, எண்ணெய்ச் செக்கு, கட்டடக் கல்லுக்கும் சுண்ணாம்புக் கலவைக்குத் தேவையான பொசொலானா என்ற எரிமலை மண்ணுக்கும் தோண்டிய குழி என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்ணிக்கை. குகைச் சுவரில் சதுரமாக வரிசை வரிசையாய்ச் சின்ன மாடங்கள் பார்த்தால் அது புறாக்கூடு. பாறை முகப்பில் ஒரு ஜன்னல் வெட்டி விட்டுவிடுவார்கள். புறா வெளியே பறந்து மேய்ந்துவிட்டு வந்து இங்கே கூடு கட்டும். தீவனச் செலவே இல்லாமல் இறைச்சி. முற்றுகை நேரத்திலும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் ஒரே கால்நடை இதுதான்!

இதெல்லாம் போக 2011-இலிருந்து தோண்டிக்கொண்டிருக்கும் ஒன்று இருக்கிறது. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் கூம்புக் குழி. பக்கச் சுவர்கள் பிரமிடு போலச் சாய்ந்தவை. உள்ளே கொட்டிய மண்ணில் கிடைத்த பானைகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எதற்காக வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கிணறு என்றால் நீர் தாங்கும் பூச்சு இருக்க வேண்டும், அது இல்லை.

பாறைப்பித்தன்:

குகைகளைப் பற்றிப் பேசும்போது அதன் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒர்வியேட்டோ ஒரு தட்டையான துஃபோ பலகை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம், விளிம்பில் 50, 60 மீட்டர் வரை செங்குத்து. அதன் கீழே கடல் படிவக் களிமண். மேலே விழும் மழை விரிசல் வழியே பாறைக்குள் இறங்கும், களிமண்ணில் முட்டி நிற்கும், பக்கவாட்டில் ஊற்றாக வெளியேறும். கிணற்றுக்கு வாழ்வு கொடுப்பதும் இந்த நீர்தான், மலையைச் சாய்ப்பதும் இதே நீர்தான். களிமண் ஊறி இளகி மெல்ல நழுவும். மேலே இருக்கும் கடினப் பாறைக்கு அடித்தாங்கல் போய்விடும். செங்குத்து விரிசல்கள் அகலும். விளிம்புக் கட்டிகள் தூண் தூணாகப் பிரிந்து வெளிப்பக்கம் சாயும். 1900-இல் போர்ட்டா காசியா பக்கத்தில் பெரிய சரிவு ஏற்பட்டதும் இப்படித்தான்.

இதில் மனிதர்களின் பங்கு பெரிது. பழைய சாக்கடைகளும் குடிநீர்க் குழாய்களும் ஒழுகி, மழை பெய்யாத மாதங்களிலும் களிமண் காயாமல் பார்த்துக்கொண்டன. விளிம்புக்கு ஒட்டி வெட்டிய குகைகள் பாறையின் பலத்தைக் குறைத்தன. 1970களில் ஊரின் விளிம்பு அடுத்தடுத்துச் சரிந்ததும், 1978-இல் ஒர்வியேட்டோவுக்கும் தோடி என்ற ஊருக்கும் சேர்த்து நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அப்போது செய்த வேலைகளைப் பாருங்கள்: ஊர் முழுவதும் சாக்கடையையும் குழாயையும் மாற்றினார்கள், அடிவார ஓடைகளில் அரிப்புத் தடுப்பு கட்டினார்கள், பாறை முகத்தில் துளை போட்டு எஃகுத் தண்டுகளைச் செருகிக் கலவை ஊற்றினார்கள், ஆபத்தான குகைகளுக்குள் கட்டுமானத் தாங்கல் வைத்தார்கள். பாறைக்கு ஆணி அடித்ததுதான் படத்தில் வரும். மலையைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு சாக்கடை வேலைக்கு என்பது என் கணக்கு.

அடிவாரத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் அந்தத் தண்டுகளின் தலைகள் பாறையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ரயில்பயணி:

அருமை. தொல்லியலுக்கு வருவோம். ரோமர் கி.மு. 264-இல் அழித்த எட்ருஸ்கர் நகரமான வெல்ஸ்னா இதுதானா? போல்சேனா ஏரிக்கரைக்காரர்கள் அது எங்கள் ஊர் என்கிறார்களே?

எட்ருஸ்கன்:

இதுதான். போல்சேனாவில் தோண்டிய பிரெஞ்சு அறிஞர் ரெமோன் பிளாக் அந்த ஊருக்காக வாதாடினார், உண்மைதான். ஆனால் அங்கே கிடைப்பவற்றில் பெரும்பங்கு ரோமர் காலத்தது. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளின் செல்வம் கொட்டிக் கிடப்பது ஒர்வியேட்டோவில்.

நடந்தது இது. வெல்ஸ்னாவில் மேட்டுக்குடிகள் படைபலத்தையும் நிர்வாகத்தையும் விடுதலை பெற்ற அடிமைகளிடம் விட்டுவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஆட்சியே அவர்கள் கையில் போயிற்று. மேட்டுக்குடிகள் ரகசியமாக ரோமை உதவிக்கு அழைத்தார்கள். முதலில் வந்த ஃபேபியஸ் குர்கெஸ் காயம்பட்டு இறந்தார். அடுத்து வந்த மார்க்கஸ் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ் கி.மு. 264-இல் ஊரைப் பிடித்து இடித்தார். மிஞ்சிய மக்களை போல்சேனா ஏரிக்கரையில் குடியேற்றினார். ரோமில் சான்ட் ஓமொபோனோ தேவாலயத்தின் அருகே கிடைத்த காணிக்கைப் பீடக் கல்வெட்டில் ஃபிளாக்கஸின் பெயரும் வொல்சீனியை (வெல்ஸ்னாவின் ரோமப் பெயர்) பிடித்த செய்தியும் இருக்கின்றன. 2,000 சிலைகளுக்காகத்தான் ரோமர் இந்த ஊரைத் தாக்கினார்கள் என்று ஒரு கிரேக்கர் குத்திக்காட்டியதை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். எதிரியின் வாய்ச்சொல் என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

தேன்மொழி:

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. வெல்ஸ்னாவுக்கு மிக வலுவான மதில் இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஒர்வியேட்டோவில் அப்படி ஊரைச் சுற்றி ஒரு மதில் எங்கே?

எட்ருஸ்கன்:

செங்குத்துப் பாறை இருக்கும் இடத்தில் மதில் எதற்கு? பாறை தாழ்ந்து பாதை ஏறும் மேற்குப் பக்கம்தான் பலவீனம். அங்கே கவா தெருவில் எட்ருஸ்கர் மதில் துண்டு கிடைத்திருக்கிறது. கி.பி. 538-இல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் முற்றுகையிட வந்தபோதும் இதே கதைதான்: இயற்கையே அரணாக இருக்கிறது, மதில் வேண்டியதில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். உள்ளே இருந்த கோத்துகள் கடைசியில் தோலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்கள். சண்டையில் விழவில்லை, பட்டினியில் விழுந்தார்கள்.

எட்ருஸ்கரை நேரில் பார்க்க வேண்டுமானால் வடக்கு அடிவாரத்தில் குரோசிஃபிஸ்ஸோ தெல் துஃபோ இடுகாடு. கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கல்லறைகள் தெருவைப் பார்த்து வரிசையாக, நேர்கோட்டுத் தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. உள்ளே ஒரு அறை, சுவரோரம் கல் திண்ணைகள், கற்களை உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கி மூடிய கூரை. வாசலுக்கு மேல் உத்தரக் கல்லில் உரிமையாளர் பெயர், "நான் இன்னாருடையவன்" என்று கல்லறையே பேசுகிற மாதிரி, வலமிருந்து இடமாக. அவிலே கதாசினா என்று ஒரு பெயர் இருக்கிறது. குடும்பப் பெயர் கெல்டிக் வழி. வந்தேறிக்கும் அதே தெருவில் அதே அளவு கல்லறை. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது.

தென்மேற்கே காம்போ தெல்லா ஃபியேரா. 2000-ஆம் ஆண்டில் தொல்லியலாளர் சிமோனெத்தா ஸ்தொப்போனி அங்கே தோண்டத் தொடங்கினார். பன்னிரண்டு எட்ருஸ்கர் நகரங்களும் ஆண்டுதோறும் கூடிய, வொல்தும்னா என்ற எட்ருஸ்கர் தெய்வத்தின் கோயில் வளாகம் அதுவே என்பது அவர் முடிவு. கோயில் அடித்தளங்கள், கல் பாவிய வழிபாட்டுப் பாதை, கனூத்தா என்ற விடுதலை பெற்ற பெண் வைத்த காணிக்கைப் பீடம் எல்லாம் கிடைத்திருக்கின்றன. நான் அவர் கட்சி.

சுவரோவியம்:

இவ்வளவு நேரம் தரைக்குக் கீழேயே இருந்துவிட்டீர்கள்! டுவோமோவுக்கு வாருங்கள்.

1290-இல் போப் நான்காம் நிக்கோலஸ் காலத்தில் அடிக்கல். இருபது ஆண்டுகளுக்குள் கட்டடம் தாங்குமா என்ற பயம் வந்துவிட்டது. 1310-இல் சியேனாவிலிருந்து லொரென்சோ மைத்தானியை அழைத்தார்கள். அவர் பக்கவாட்டில் உதைசுவர் கொடுத்தார், பிறகு முகப்பைக் கையில் எடுத்தார். முகப்பின் வரைபடங்கள் இரண்டு தோலில் வரைந்தபடி இன்னும் இருக்கின்றன: ஒன்றில் ஒரே கூம்பு முகடு, மற்றொன்றில் மூன்று. கட்டியது மூன்று முகட்டு வடிவத்தை.

கூட்டம் மேலே மின்னும் மொசைக்கைப் பார்க்கிறது. அதில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றியது. பழைய துண்டு ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையான 14ஆம் நூற்றாண்டு உங்கள் கண்மட்டத்தில்தான், நான்கு தூண்களின் புடைப்புச் சிற்பங்களில். இடமிருந்து வலமாகப் படியுங்கள்: படைப்பு, தீர்க்கதரிசனங்கள், இயேசுவின் வாழ்வு, கடைசித் தீர்ப்பு. முதல் தூணில் ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எழும் இடத்தில் நில்லுங்கள். தூங்குகிற ஆதாமின் வயிறு தளர்ந்து மடிந்திருக்கும். நான்காவதில் நரகத்துக் கயிறுகளும் பற்களும். தூணுக்குத் தூண் கொடிச்சுருள்தான் காட்சிகளைப் பிரிக்கிறது. சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை.

வட்ட ஜன்னல் ஓர்காஞ்ஞா செய்தது. நடு வெண்கலக் கதவு எமிலியோ கிரேக்கோ செய்து, 1970-இல் பொருத்தியது. அன்றைக்குப் பெரிய சண்டை நடந்தது. எனக்குப் பிடிக்கும். கட்டடச் சுவரில் வரிவரியாகத் தெரிவது வெள்ளை டிராவர்ட்டைனும் கறுப்பு பசால்ட்டும். உள்ளே நடுக்கூடத்தில் நிற்கும் பன்னிரண்டு சீடர் சிலைகளை 1897-இல் "பிற்காலச் சேர்க்கை" என்று வெளியே எடுத்துவிட்டார்கள். 122 ஆண்டு கழித்து 2019-இல்தான் திரும்ப வைத்தார்கள். பழைய படங்களில் கூடம் வெறுமையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ரயில்பயணி:

டுவோமோவுக்குள் இருக்கும் சான் பிரீசியோ சிற்றாலயம்? அங்கே எதைப் பார்த்துத் தொடங்குவது?

சுவரோவியம்:

மேலே. 1447-இல் ஓவியர் ஃப்ரா ஆஞ்செலிக்கோ, பெனோட்சோ கொட்சோலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கூரையில் சில பகுதிகளை வரைந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு அப்படியே கிடந்தது. 1499-இல் ஓவியர் லூக்கா சின்யொரெல்லிக்குக் கூரையை முடிக்க 180 டூக்கட் (தங்கக் காசு), பிறகு சுவர்களுக்கு 575 டூக்கட். 1504-இல் முடித்தார். கூரையில் கிறிஸ்துவும் தீர்க்கதரிசிகளும் ஆஞ்செலிக்கோ. அந்த அமைதியைப் பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கினால்தான் சுவரின் முறுக்கேறிய உடல்கள் உறைக்கும்.

இடப்பக்கம் அந்திக்கிறிஸ்துவின் பிரசங்கம். பேசுபவன் காதில் சாத்தான் ஓதுகிறான், அவன் கை பேசுபவனின் அங்கிக்குள் நுழைந்து அவனுடைய கையாகவே தெரிகிறது. இடக்கோடியில் கறுப்பு உடையில் இருவர்: முன்னால் சின்யொரெல்லி, பின்னால் ஆஞ்செலிக்கோ. எதிரே உயிர்த்தெழுதல்: வெள்ளைத் தரையைப் பிளந்து உடல்கள் கையூன்றி ஏறுகின்றன, எலும்புக்கூடுகள் சதைக்குக் காத்திருக்கின்றன. தசையைத் தனித்தனியாகக் காட்டியே தீருவேன் என்று கங்கணம் கட்டிய கை.

எதிர்ப்புறச் சிற்றாலயத்தில் கொர்ப்பொரால், அதாவது பூசைப் பீடத்தில் விரிக்கும் துணி. 1263-இல் போல்சேனாவில் அப்பத்திலிருந்து இரத்தம் வழிந்ததாக நம்பப்படும் துணி அது. அப்போது போப் நான்காம் உர்பன் இந்த ஊரில்தான் இருந்தார். 1264-இல் கிறிஸ்துவின் திருவுடல் விழாவை இங்கிருந்துதான் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தார். துணிக்காக உகொலினோ தி வியேரி 1337, 1338-இல் செய்த வெள்ளிப் பேழை டுவோமோ முகப்பின் வடிவத்தையே குட்டியாக வைத்திருக்கும். எனாமல் வேலையைப் பார்க்க இருநோக்கி கொண்டுபோங்கள்.

டுவோமோ முடித்துவிட்டு சான் டொமெனிக்கோ தேவாலயத்துக்கும் போய்விடுங்கள். 1930களில் கூடத்தை இடித்துவிட்டதால் மிச்சமிருப்பது கூடத்துக்குக் குறுக்கே நீளும் பகுதி மட்டும். ஆளே இருக்க மாட்டார்கள். உள்ளே சிற்பி ஆர்னோல்ஃபோ தி காம்பியோ செய்த கர்தினால் தெ பிரே கல்லறை. மேலே உட்கார்ந்திருக்கும் மாதா, ரோமர் காலத்துத் தேவி சிலையைத் திருத்திச் செய்தது. சுத்தம் செய்தபோதுதான் தெரிந்தது.

தேன்மொழி:

நடைமுறை விஷயம் நான் சொல்கிறேன். ரோம் தெர்மினியிலிருந்து பிராந்திய ரயில், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. எதிரிலேயே கயிற்று ரயில்: 580 மீட்டர் தூரம், 157 மீட்டர் ஏற்றம். 1888-இல் தொடங்கியபோது இது நீரால் ஓடியது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியை நிரப்பினால் அது பாரத்தில் இறங்கும், கீழ்ப்பெட்டி ஏறும். அடியில் நீரைத் திறந்துவிடுவார்கள். 1970-இல் நின்றது, 1990-இல் மின்சாரத்தில் மறுபடி வந்தது.

இறங்குமிடம் காஹென் சதுக்கம். கிணறு, 1828-இல் வெளிப்பட்ட பெல்வெதேரே கோயில் அடித்தளம், அல்போர்னோஸ் கோட்டைத் தோட்டம் மூன்றும் அங்கேயே. எல்லாரும் நேராக டுவோமோவுக்குப் பேருந்து பிடிப்பார்கள். நீங்கள் முதலில் கிணற்றில் இறங்குங்கள். காலையில் குழு வராது. டுவோமோ முகப்பு மேற்குத் திசை. காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் நேராக விழும். நிலத்தடிச் சுற்றுலா வழிகாட்டியோடு மட்டும்தான். டுவோமோ சதுக்கத்தில் பதிவு செய்துவிட்டு இடையில் போய்வாருங்கள், ஒரு மணி நேரம். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சிற்றாலயத்துக்குள் விட மாட்டார்கள்.

காரில் வருபவர்கள் ஊருக்குள் ஓட்டாதீர்கள். மேற்கே காம்போ தெல்லா ஃபியேராவில் நிறுத்தினால் நகரும் படிக்கட்டு மேலே கொண்டுவிடும்.

ரயில்பயணி:

அம்மாவுக்கு முழங்கால் வலி. கிணற்றில் இறங்கலாமா?

பாறைப்பித்தன்:

வேண்டாம். மின்தூக்கி கிடையாது, இறங்கினால் ஏறியே ஆக வேண்டும்: 248 கீழே, 248 மேலே. ஒரு வழிப் பாதை என்பதால் நடுவில் மனம் மாறினால் எதிர்க்கூட்டத்தில் திரும்ப வேண்டியிருக்கும். அடியில் படி ஈரம், கோடையிலும் குளிர். அம்மாவை வாசலருகே ஜன்னல் வரை ஒரு சுற்று கூட்டிப்போய்க் குழலை எட்டிப் பார்க்க வையுங்கள், அது போதும். பிறகு கோட்டைத் தோட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும்.

எட்ருஸ்கன்:

இடுகாட்டுக்கும் அம்மாவைக் கூட்டிப்போகலாம். மலை மேலிருந்து நடந்து இறங்காமல் நிலையத்திலிருந்து டாக்சி எடுங்கள், சாலையோரமே வாசல். உள்ளே தெருக்கள் சமதளம். கல்லறைக்குள் மட்டும் தலை குனிந்து நுழைய வேண்டும். அங்கே கிடைத்த, எக்சேக்கியாஸ் என்ற கிரேக்கக் கலைஞரின் கைவண்ண ஜாடிகள் டுவோமோ எதிரே ஃபைனா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடுகாட்டைப் பார்த்த பிறகு அங்கே போங்கள்.

ரயில்பயணி:

சரி, அப்படியென்றால் வரிசை இது: டாக்சியில் இடுகாடு, கயிற்று ரயில், நான் கிணற்றில், அம்மா தோட்டத்தில், சாப்பாடு, ஃபைனா, நான்கு மணிக்கு மேல் டுவோமோ. நிலத்தடியும் கவா கிணறும் இரவு தங்கினால்தான் முடியும் போலிருக்கிறது.

தேன்மொழி:

தங்குங்கள். கடைசிக் கயிற்று ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஏறும்போதே கேட்டுவையுங்கள். அது நின்ற பிறகும் ரயில் இருக்கும், பள்ளத்துக்கு இறங்கத்தான் திண்டாட வேண்டும்.